ஆறு மூச்சு

சைதாப்பேட்டை, சென்னை
16.10.1956

அன்புள்ள அக்கா சிவகாமிக்கு,

தங்கை சேதுலட்சுமியின் வணக்கம். இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். சின்னவனுக்கு இருந்த இருமல் நின்றுவிட்டது. உன் உடம்பும் அத்தான் உடம்பும் எப்படி இருக்கின்றன? போன கடிதத்தில் ஆடு குட்டி போட்டதை எல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டாய்.

சனிக்கிழமை ஆயுத பூஜைக்கு, இவர் வேலை பார்க்கும் எஞ்சின் தொழிற்சாலைக்குள் குடும்பத்தாரை எல்லாம் விட்டார்கள். நம் ஊர் கல்யாணப் பந்தல் நாலு சேர்ந்தாற்போல் ஒரு கொட்டகை. அதற்குள் இரண்டு வரிசையாக டீசல் எஞ்சின்கள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பெரிய அதிகாரி ஒருவர் வந்து ஒரு பித்தானை அமுக்கினார். அக்கா, தரை அதிர்ந்தது. சின்னவன் கையிலிருந்த டம்ளரில் பால் தானாகச் சுழித்தது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டுவிட்டேன். இவர் சிரித்தார்.

விஷயம் என்னவென்றால், பழைய பெட்ரோல் லாரிகளில் இருக்கிற எஞ்சினைக் கழற்றிவிட்டு இந்த டீசலை வைத்துக் கொடுக்கிறார்களாம். வெளியாட்கள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். வேலை பார்ப்பவர்கள் கேட்டால் மூன்று மாதத்தில் கிடைக்கும். பித்தானை அமுக்கினால் போதும், எஞ்சினைக் கிளப்ப வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டியதே இல்லை. அத்தானிடம் பேசிப் பார். இவர் சொன்னதாகச் சொல்லாதே, நான் சொன்னதாகச் சொல். ஐந்து வருஷத்துக்கு முன் நம் பெரியவன் காதுகுத்தில், பந்தியில் வைத்து இவர் அத்தானுடைய லாரியைப் 'பட்டாளத்துக் கழிசல்' என்று சொல்லி, அத்தான் பாதி இலையில் எழுந்து போனாரே, அதோடு சகலைகள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நடுவில் நாம்தான் தபால் சுமக்கிறோம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். பதிலைத் தாமதம் செய்யாதே.

சேது


கீரனூர்
29.10.1956

சேதுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே மழையைத் தவிர எதற்கும் குறைவில்லை. உன் அத்தான் நலம். நானும் நலம். போதுமா?

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். நீ சொன்னபடி நீ சொன்னதாகத்தான் படித்தேன். 'மூணு மாசத்துல கிடைக்கும்' என்ற இடம் வந்ததும், "இது சேது வாசகம் இல்ல, சகலை வாசகம்" என்றார். அவரை என்ன முட்டாள் என்று நினைத்தாயா?

எங்களுக்கு அந்த டீசல் வேண்டாம். முதலாவது, டீசல் புகை வேட்டியில் ஏறினால் எத்தனை தடவை வெளுத்தாலும் போகாதாம். இரண்டாவது, நாங்கள் என்ன தில்லிக்கா லோடு அடிக்கிறோம்? நார்த்தாமலைக் குவாரியில் ஜல்லி ஏற்றி, ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் கொட்டிவிட்டு வருகிறோம். மிஞ்சிப் போனால் இருபது மைல். மூன்றாவது, இந்த வருஷம் வண்டியில் கை வைக்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளைத் திருச்சியில் ஏலம் விட்டபோது நாற்பத்தாறில் எடுத்த செவர்லே இது. வண்டியோடு வந்த எஞ்சின் அப்படியே இருக்கிறது. ஒரு தடவைகூடக் கீழே இறக்கியதில்லை. கழிசல் என்று சொன்னவர் ஒரு தடவை வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறேன்.

சிவகாமி


சைதாப்பேட்டை
9.11.1956

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். அனைவரும் க்ஷேமம். முறுக்கு வந்தது, நொறுங்காமல் வந்தது.

நீ எந்தக் காலத்தில் ஜோசியரிடம் போனாய்? என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த அன்று, 'இந்த ஆளுக்குத் தன் பெண்டாட்டி எப்போது அடிப்பாள் என்று தெரியுமா' என்று கேட்டவள் நீ. புகை வேட்டியில் ஏறும் என்கிறாய். அத்தான் வேட்டியில் இப்போது ஏறியிருக்கிற கிரீஸை வைத்து ஒரு வண்டிக்கே மசகு போடலாம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேண்டாம் வேண்டாம் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அத்தான் வேண்டாம் என்று சொன்னதாக ஒரு இடத்திலும் இல்லை. அவர் என்னதான் சொன்னார்?

இன்னொன்று. உங்கள் தெரு சின்னப்பிள்ளை இங்கே இருக்கிற தன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தான் செம்பைக்கூட இடது கையால்தான் தூக்குகிறார் என்றாள். அவர் கைக்கு என்ன, அக்கா? மறைக்காதே.

குழந்தைகள் பெரியம்மா பெரியம்மா என்கிறார்கள்.

சேது


கீரனூர்
2.12.1956

அன்புத் தங்கைக்கு,

இவ்விடம் சுகம், அவ்விடமும் அப்படியே இருக்க முருகன் துணை. உள்நாட்டுக் கடிதத்தில் அடங்காது என்று கவரில் எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு. மாப்பிள்ளைக்குக் காட்டாதே. சின்னப்பிள்ளை நாக்கில் சூடு வைக்க.

ஐம்பத்து மூன்று ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை, ஹேண்டில் திருப்பி அடித்து உன் அத்தானுடைய வலது மணிக்கட்டு ஒடிந்தது. லோடு மேலிருந்து வழுக்கியதாக ஊருக்குச் சொன்னோம். நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. ஸ்டீயரிங் பிடிக்கிறார், கியர் போடுவது இடது கை, அதற்கும் குறைவில்லை. ஹேண்டிலை மட்டும் வெடுக்கென்று இழுக்க முடியாது. ஹேண்டில் இல்லாமலே எஞ்சினைக் கிளப்புகிற செல்ப் மோட்டார் அதற்கு முன்பே எரிந்து போய்விட்டது, அந்தச் சாமான் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. குவாரியில் சரிவில் நிறுத்தி, கிளீனர் ராக்கனும் ஆட்களும் தள்ளி எடுத்துவிடுவார்கள். வீட்டில் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குத்தான் வழி இல்லை. லாரிக்காரனுக்குக் கை போச்சு என்று வெளியே தெரிந்தால் காண்டிராக்டர் மறுநாளே வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார்.

கட்டுப் பிரித்த பிறகும் மூன்று நாள் வண்டி கொட்டகையில் கிடந்தது. நாலாம் நாள் நான் போய் ஹேண்டிலைப் பிடித்தேன். "விடுடி, கையை ஒடிச்சுப்புடும்" என்றார். "ஒண்ணு ஒடிஞ்சு கெடக்கு, ரெண்டாவதும் ஒடியட்டும்" என்றேன். வேறு வழி இல்லாமல் சொல்லிக் கொடுத்தார். கீழேயிருந்து மேலேதான் இழுக்க வேண்டும், மேலிருந்து அமுக்கக் கூடாது. கட்டைவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். முதலில் இரண்டு தடவை ஒன்றுமில்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நான் ஹேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

இந்த மூன்று வருஷமும், தினம் காலையில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். மகளுக்குக்கூடத் தெரியாது. அவள் புக்ககத்தில் சௌக்கியம்.

குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

சிவகாமி


சைதாப்பேட்டை
15.12.1956

என் அக்காவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வருஷம்! ஆம்பிளைகளே கை ஒடிந்து போகிற வேலையை நீ கதவைச் சாத்திக்கொண்டு, மாடு மாதிரி, யாரிடமும் சொல்லாமல் செய்திருக்கிறாய். சின்ன வயதில் கிணற்றில் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் இறைத்தவள் நீ, இன்னும் இறைத்துக்கொண்டே இருக்கிறாய். அழுதுகொண்டே இருந்தேன். ஏன் அழுகிறாய் என்று இவர் கேட்டார். அக்கா, என்னை வைய வேண்டாம், சொல்லிவிட்டேன். வாயைக் கட்ட முடியவில்லை.

இவர், "நான் கழிசல்னு சொன்னதுக்கு இந்தத் தண்டனை மதினிக்கா வரணும்?" என்றார். மறுநாள் போய்த் தன் பெயரில் ஒரு டீசல் எஞ்சின் எழுதிவைத்துவிட்டு வந்தார். பணத்தைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார். மாசியில் கீரனூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடும். இவரே லீவு போட்டு வந்து மாட்டிக் கொடுப்பார். இனி அந்த இரும்பை நீ தொட வேண்டாம், அக்கா. காலையில் நிம்மதியாகத் தூங்கலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள். கைக்கு எண்ணெய் தடவு.

உன் சேது


கீரனூர்
20.1.1957

சேதுவுக்கு,

ஆசீர்வாதம். பொங்கல் நல்லபடியாக நடந்தது. பால் கிழக்கே பொங்கியது. மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றினோம்.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று உன் அத்தானிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. கண் கலங்கிவிட்டது. "ஒன்னய இந்தக் கஷ்டத்துல தள்ளிட்டேனேன்னு மூணு வருசமா தலை குனிஞ்சு கெடந்தேன். இனிமே ஒனக்கு விடுதலை" என்றார். எஞ்சின் மாற்ற அனுமதி வாங்கப் புதுக்கோட்டைக்கும் போய்வந்தார். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற வேண்டுமாம்.

எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்கிறீர்கள்.

வேறு விசேஷம் இல்லை.

சிவகாமி


சைதாப்பேட்டை
18.2.1957

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம். நீ நலமா என்று நிஜமாகவே கேட்கிறேன்.

உன் பொங்கல் கடிதத்துக்குப் பிறகு இரண்டு எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆடு, மாடு, அடுத்த வீட்டுச் சண்டை என்று இரண்டு பக்கம் எழுதுகிறவள், ஒரு கார்டில் அடங்குகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறாய். 'எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்கிறீர்கள்' என்ற வரி மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நிற்கிறது. உனக்குக் கோபம் வந்தால் கத்துவாய். கத்தாமல் இருக்கிறாய் என்றால் அது கோபம் இல்லை, வேறு.

எஞ்சின் பெட்டி நேற்று ரயிலேறிவிட்டது. இவர் மாசிக் கடைசியில் வருகிறார். நான் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன், நீ அடுப்பில் போடச் சொன்னதையும் போடாமல் வைத்திருந்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டேன், எழுதத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். இப்போது படித்தால் அது அழுகிற இடமாகத் தெரியவில்லை.

அக்கா, உனக்கு என்ன வேண்டும்? இதை இதுவரை நாங்கள் யாருமே கேட்கவில்லையே.

பதிலுக்குக் காத்திருக்கும்
சேது


கீரனூர்
24.2.1957

சேது,

நான் நன்றாக இருக்கிறேன், நீ பயப்படாதே. சம்பிரதாயம் எல்லாம் இந்த ஒரு வரியோடு போதும்.

எழுதத் தெரியாது என்று விட்டதை எழுதிப் பார்க்கிறேன். சுவிட்ச் போடுவதற்கு முன், பெட்ரோல் ஏறுவதற்காக ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்போது ஆறு இடத்தில் அது எதிர்த்து நிற்கும். உள்ளே ஆறு சிலிண்டர், அதனால் ஆறு எதிர்ப்பு என்று உன் அத்தான் சொன்னார். நான் அதை மூச்சு என்பேன். ஆறும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று எல்லாவற்றிலும் அழுத்தம், எனக்கு அதுதான் கணக்கு, அதிலிருந்து எண்ணுவேன். ஒன்று கொஞ்சம் இளக்கம். உனக்குப் பெரியவன் இருமலும் சின்னவன் இருமலும் அடுப்படியில் இருந்தே தெரியும் இல்லையா, அந்த மாதிரி கைக்குத் தெரியும். 'இன்னைக்கு ஒண்ணு சோடை' என்பேன். ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் பிரித்து வால்வைத் தேய்ப்பார். திங்கட்கிழமை அந்த மூச்சு நிமிர்ந்திருக்கும்.

பிறகு சுவிட்சைப் போட்டு ஒரே இழுப்பு. அவ்வளவுதான். மூன்று டன் இரும்பு எழுந்து நிற்கிறது, சேது. கடலுக்கு அப்பால் யாரோ செய்தது, எவனையோ சாகடிப்பதற்கு என்று செய்தது, கீரனூரில் சாணி தெளிக்கிற என் கைக்குப் பதில் சொல்கிறது. முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்று காலையும் இருந்தது. ஆயிரம் தடவைக்கு மேல் ஆகியும் மயிர்க்கால் சிலிர்ப்பது நிற்கவில்லை. ஒரு தடவை லோடோடு கொடும்பாளூர் வரை போனேன், மூவர் கோயிலைப் பார்த்தேன். அத்தனை பெரிய கல்லைத் தொட்டும் எனக்குக் கும்பிட வேண்டும் என்று சட்டென்று தோன்றவில்லை. இதைத் தொட்டால் தோன்றுகிறது. சாமி குற்றம் ஆகாமல் இருக்கட்டும்.

நீ பித்தானை அமுக்கியதைப் பார்த்துக் கும்பிட்டாயே, உனக்கு இது புரியும். பித்தானை யார் அமுக்கினாலும் அது ஓடும். இது நான் இழுத்தால் ஓடுகிறது.

எனக்கு முப்பத்தெட்டு வயது. காலையில் தூங்கி நான் என்ன செய்யப் போகிறேன்?

இதை மாப்பிள்ளையிடம் சொன்னாய் என்றால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். எஞ்சின் வரட்டும், மாற்றட்டும். பெட்ரோல் விற்கிற விலையில் டீசல்தான் நியாயம், எனக்கும் கணக்குத் தெரியும். உன் அத்தான் மூன்று வருஷம் கழித்துத் தலை நிமிர்ந்து நடக்கிறார், அதை நான் கெடுக்க மாட்டேன். ஒருத்திக்காவது தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

பிள்ளைகளை வெயிலில் விடாதே.

சிவகாமி


கீரனூர்
12.3.1957

சேதுவுக்கு அண்ணாமலை எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். குழந்தைகளை விசாரித்ததாகச் சொல்லவும். நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்கு உன் அத்தான் ஏகாம்பரம் வந்திருந்தார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சின் இறக்க உதவிக்கு ரெங்கசாமி என்ற மெக்கானிக் புதுக்கோட்டையிலிருந்து வந்திருக்கிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு லாரியும் உண்டு. "அவருக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க" என்று என்னைப் பற்றி ரெங்கசாமியிடம் சொன்னார் உன் அத்தான். நான் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். சென்னையிலிருந்து எஞ்சின் வந்திருக்கிறது என்று பாதித் தெரு கொட்டகை வாசலில் நின்றது. இறக்குவதற்கு முன் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்போம் என்றார் ரெங்கசாமி. தொழில் முறை அதுதான். ஏகாம்பரம் போய் ஹேண்டிலைப் பிடித்தார். அவர் கை எனக்குத் தெரியும், அங்கே நின்ற ஊருக்குத் தெரியாது. நான் எழுந்து போவதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே மதினி வீட்டுக்குள்ளிருந்து வந்தார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நகருங்க" என்றார்கள். அவர் நகர்ந்தார்.

மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். கண்ணை மூடியிருந்தார்கள். அத்தனை பேர் பார்ப்பதையும் மறந்து, தினம் சொல்கிற மாதிரி அவரிடம், "நாலு நாளா ஒண்ணு சோடையா இருக்கு. அழுத்தமா ஒண்ணு வருதுல்ல, அதுக்கு அடுத்து மூணாவது" என்றார்கள். பிறகு சுவிட்சைப் போடச் சொல்லி ஒரே இழுப்பு இழுத்தார்கள். பிடித்துக்கொண்டது. ரெங்கசாமி வாயில் இருந்த பீடி கீழே விழுந்தது.

சேது, நான் தினம் இருபது எஞ்சினுக்குக் காது கொடுக்கிறவன். இந்த ஓட்டத்தைக் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, எஞ்சின் மேல் மூடியில் விளிம்பில் நிற்க வைத்தேன். நின்றது. பதினைந்து வருஷத்துப் பட்டாளத்து எஞ்சின், ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் காசு நிற்கிறது.

பிறகு அணைத்துவிட்டு, நான் கொண்டுவந்த மீட்டரை மாட்டி ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளழுத்தம், பார்த்தேன். ஐந்து சரியாக இருந்தன, அதில் ஒன்று எல்லாவற்றிலும் பலம். ஒன்று மட்டும் பத்து பவுண்டு குறைவு. எஞ்சின் வெடிக்கிற வரிசையில் வைத்து எண்ணினேன். பலமான சிலிண்டருக்கு அடுத்து மூன்றாவது. மறுபடி எண்ணினேன், அதேதான். அந்த மீட்டரைச் சீமையிலிருந்து வரவழைத்தோம், அதைத் தொட எங்களில் நாலு பேருக்குத்தான் அனுமதி. மதினி சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. இத்தனை வருஷம் இந்த எஞ்சின் கெடாமல் இருப்பது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது. தினம் காலையில் ஒரு கை அதற்கு நாடி பார்த்திருக்கிறது.

எழும்பூரில் ரயில் கிளம்பும்போது நீ சொன்னாய், கழற்றுவதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று. ஏன் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. நீ வாய் திறக்காதது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. அது ஞாபகம் வந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "மதினி, கழட்டலாமா?" என்று கேட்டேன்.

மதினி ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஒன்னயத்தான் கேக்குறாரு, சொல்லு" என்றார்.

"எனக்கு இது வேணும்."

"மூணு வருசமா நீ கஷ்டப்படுறேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் ஏகாம்பரம்.

"கேட்டீங்களா?" என்றார்கள் மதினி.

பிறகு என்னைப் பார்த்து, "எம் பேச்சைக் கேக்குற வரைக்கும் ஓடட்டும் மாப்பிள்ளை. கேக்காத அன்னைக்கு நானே சேதுவுக்கு எழுதுறேன்" என்றார்கள். சொல்லிவிட்டு அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்கள்.

நாங்கள் அந்தச் சோடை வால்வை மட்டும் தேய்த்து மாட்டினோம். டீசல் எஞ்சினை ரெங்கசாமி தன் லாரிக்கு எடுத்துக்கொள்கிறார். கை விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. காண்டிராக்டருக்கும் தெரிந்துவிட்டது. அவர் சாயங்காலமே வந்து, காலையில் வண்டி எடுக்கிறதைத் தானும் ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று உன் அத்தானைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் கையைக் காட்டினேன். எலும்பு சரியாக இருக்கிறது, சதைதான் வற்றிவிட்டது, ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தால் தேறும் என்றார். போகும்போது பஸ்ஸில் பேச்சில்லை. வரும்போதும் பேச்சில்லை. கீரனூரில் இறங்கியதும் இரண்டு சோடா வாங்கி, ஒன்றை உடைத்து என்னிடம் நீட்டினார். கழிசல் என்று சொன்ன வாய் அது, கழுவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன்.

அண்ணாமலை


புதுக்கோட்டை
19.8.1957

மகா ராஜராஜஸ்ரீ சகலை அண்ணாமலை அவர்களுக்கு, கீரனூர் ஏகாம்பரம் எழுதிக்கொண்டது. உபயக்ஷேமம். தங்கள் குடும்பத்தார் சுகத்துக்கு எழுதவும்.

ஆறு வருஷத்தில் தங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். வீட்டிலிருந்து எழுத முடியாது என்பதால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணல் என்றாலும் வலது கையால்தான் எழுதுகிறேன் என்பதைக் கவனிக்கவும்.

வண்டியை இப்போது கொட்டகைக்குள் நிறுத்துவதில்லை. தெருவில், கிழக்கே பார்த்து நிற்கிறது. திருச்சிக்கு முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பால்காரி அழகி தானும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்று கேட்டாள். உங்கள் மதினி கட்டைவிரலை எப்படி வைப்பது என்று கால் மணி நேரம் பாடம் நடத்திவிட்டுத்தான் விட்டாள். அழகி இழுத்ததற்கு எஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை. உங்கள் மதினிக்கு உள்ளுக்குள் சந்தோஷம், எனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். தெருவில் ஆள் இல்லை. ஐந்து மாதமாகப் பந்தைப் பிசைகிறேனே, பார்ப்போம் என்று ஹேண்டிலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். பிடித்துக்கொண்டது. கை வலிக்கவில்லை. உடனே அணைத்துவிட்டு, அவள் வருவதற்குள் ஹேண்டிலை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன்.

இழுப்பதற்கு முன்னால் அவள் செய்கிற மாதிரி கண்ணை மூடி மெதுவாகச் சுற்றியும் பார்த்தேன், சகலை. ஆறு மூச்சு என்கிறாளே, அது எனக்குத் தெரியவே இல்லை. இருபது வருஷம் லாரி ஓட்டியவன், எனக்கு இரும்பு இரும்பாகத்தான் இருந்தது. வெகு நேரம் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே இத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

கை தேறிய விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். தெரிந்தால், 'அப்ப நீங்களே சுத்திக்கிருங்க' என்று கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு வராது, உங்களுக்குத்தான் தெரியுமே, அக்கா தங்கை இரண்டு பேரும் அப்படித்தான். ஆகையால் இதைப் படித்ததும் கிழித்துவிடவும். சேதுவிடம் காட்ட வேண்டாம். அந்தப் பிள்ளை வாயில் எது நிற்கும், எது நிற்காது என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல் வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "சிவகாமி, நேரமாச்சு" என்று கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

தை மாதம் குடும்பத்தோடு வந்து பத்து நாள் இருக்கவும்.

இப்படிக்கு,
கழிசல் வண்டிக்காரன் ஏகாம்பரம்